பட்டியலில் இல்லாத லினக்ஸ்

போன வாரம் உங்களில் ஒருவர் எனக்குச் செய்தி அனுப்பியிருந்தீர்கள். நான் ஒப்படைத்துவிட்டு வந்த சர்வரில் ஒரு கோப்பு சும்மா கிடக்கிறது, அதன் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்து 'முருகேசன்' என்று என் பெயர் இருக்கிறது, உள்ளே நாலே நாலு வரி, எதுவும் அதைப் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை, அழித்துவிடலாமா அண்ணா என்று கேட்டிருந்தீர்கள். அழிக்கலாம் என்று ஒரே சொல்லில் பதில் போட்டிருக்கலாம். இரண்டு முறை தட்டச்சு செய்துவிட்டு அனுப்பாமல் விட்டேன். அந்தப் பதில்தான் இவ்வளவு நீளமாகிவிட்டது.

போன மாதத்தோடு சர்வரைத் தொடும் வேலையை விட்டுவிட்டேன். இனி எனக்கு ஒப்பந்தங்களை வாசிக்கும் வேலை. வயது முப்பத்து மூன்று. அதற்குள் ரிடையர் ஆகிவிட்டாயா என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். நீங்கள் நால்வர் புதிதாக வந்திருக்கிறீர்கள். நால்வருமே டில்லித் தமிழ்ப் பிள்ளைகள். அதில் மூன்று பேர் வீட்டில் உங்களுக்கு முன்னால் கல்லூரி வாசலை மிதித்தவர் யாருமில்லை என்று கேள்விப்பட்டேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆளே நான்தான். அதனால் இதைத் தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் 'அந்த வரி மாற்றப்பட்டிருந்தது' என்று எழுதிவிட்டு நான் நழுவிவிடுவேன். அப்படி எழுதுவதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு. தமிழில் எழுதும்போது யார் மாற்றியது என்ற கேள்வி வந்து நிற்கிறது.

நம் தொழிலில் முதல் வாரத்திலேயே உங்களிடம் ஒருவர் கேட்பார்: "இந்த டேட்டாபேஸ் லினக்ஸில் கிடைக்குமா?" விற்க வந்தவர் கிடைக்கும் என்பார். அவர் சொல்வது பொய்யில்லை. ஒரு காலத்தில் பெரிய கம்பெனிகளின் பெரிய பெட்டிகளில் மட்டும் ஓடிக்கொண்டிருந்த, காசு கொடுத்து வாங்கும் டேட்டாபேஸ்கள் எல்லாமே இன்று லினக்ஸில் கிடைக்கின்றன. ஆனால் கணினியை ஓட்டும் அடிப்படை மென்பொருளான லினக்ஸ் ஒரே பொருள் இல்லை. இலவச லினக்ஸ் இருக்கிறது, காசு கட்டும் லினக்ஸ் இருக்கிறது, ஒவ்வொன்றிலும் பழசு, புதுசு என்று பத்து வகை. டேட்டாபேஸ் கம்பெனி ஒரு பட்டியல் வைத்திருக்கும். இன்ன லினக்ஸ், இன்ன பதிப்பு என்று அதில் எழுதியிருக்கும். பட்டியலில் இருந்தால் கோளாறு வரும்போது வந்து பார்ப்பார்கள். இல்லாவிட்டால் ஓடினாலும் ஓடும், ஓடாமலும் போகும். அவர்களைக் கேட்க முடியாது. விற்க வந்தவர் சொன்ன 'கிடைக்கும்' என்ற சொல்லுக்கும் அந்தப் பட்டியலுக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. அந்தப் பள்ளத்தில் நான் ஒரு பெண்ணைத் தள்ளிவிட்டேன். இதுதான் விஷயம்.

அவர் பெயர் கவிதா. டில்லியில் ஒரு மருத்துவமனை. எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். அங்கே கணினிப் பிரிவில் ஒப்பந்த ஊழியர். வெளிநோயாளிகளுக்குத் தேதி கொடுக்கும் திட்டத்துக்காக எங்கள் கம்பெனி டேட்டாபேஸ் போட்டுக் கொடுக்க வேண்டும். கம்பெனி சார்பில் போனவன் நான். எனக்கு இருபத்தைந்து வயது. தனியாக அனுப்பப்பட்ட முதல் வேலை. முதல் நாள் அவரை மேடம் என்று கூப்பிட்டேன். "இங்க மேடம்னு கூப்பிட்டா பதினாலு பேர் திரும்புவாங்க. கவிதான்னு சொல்லு, நான் மட்டும் திரும்புவேன்" என்றார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அப்பா மத்திய அரசில் அலுவலக உதவியாளராகச் சேர்ந்து பிரிவு அதிகாரி வரை வந்தவர். கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் வீடு. மதியம் டிபன் டப்பாவைத் திறந்தால் மூடியில் ஒரு பங்கை எனக்கு வைத்துவிட்டுத்தான் தான் சாப்பிடுவார். அதே கிட்வாய் நகரில் மூன்று வீடுகளில் என் அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார் என்பதை நான் சொன்னபோது, எந்த பிளாக் என்று மட்டும் கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை திறப்பு விழா. மேலதிகாரி ஒருவர் வந்து பட்டனை அமுக்குவதாக ஏற்பாடு. சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு டேட்டாபேஸை சர்வரில் ஏற்றும் இன்ஸ்டாலரை ஓட்டினேன். அது முதல் படியிலேயே நின்றுவிட்டது. இந்த லினக்ஸ் எங்கள் பட்டியலில் இல்லை என்று ஒரு வரி. பார்த்தால், மருத்துவமனை போட்ட ஆர்டரில் 'லினக்ஸ்' என்று மட்டும் எழுதியிருக்கிறது. சர்வரைக் கொண்டுவந்தவர் இலவச லினக்ஸ் ஒன்றைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். பட்டியலில் இருப்பது வேறு; காசு கட்டி வாங்க வேண்டியது. அதை இனி வாங்குவதென்றால் ஃபைல் ஆறு மேஜை நகர வேண்டும். ஒன்றரை மாதம்.

மேனேஜருக்குப் போன் செய்தேன். அவர் ஒரு கல்யாணத்தில் இருந்தார். பின்னால் பேண்டு சத்தம். நான் சொன்னதை முழுக்கக் கேட்டாரா என்பது இன்றுவரை தெரியாது. "லினக்ஸ் தோ லினக்ஸ் ஹோதா ஹை, முருகேஷ். குச் ஜுகாட் கரோ" என்றார். லினக்ஸ் என்றால் லினக்ஸ்தானே, ஏதாவது வழி பண்ணு என்று அர்த்தம். டில்லியில் வேலை செய்யும் உங்களுக்கு ஜுகாட் என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. போனை வைத்துவிட்டார்.

அந்த இன்ஸ்டாலர் எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பது எனக்குத் தெரியும். லினக்ஸ் தன் பெயரை ஒரு சின்னக் கோப்பில் எழுதி வைத்திருக்கும். இன்ஸ்டாலர் அதை வாசித்துப் பட்டியலோடு ஒப்பிடும். அவ்வளவுதான். அந்தக் கோப்பில் பெயரை மாற்றிவிட்டால் அது நம்பிவிடும்.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சாக்காகச் சொல்லவில்லை, உங்களில் மூன்று பேருக்காவது இது புரியும் என்பதால் சொல்கிறேன். நான் ஆறாவது படிக்கும்போதே எங்கள் ஜுக்கிக் குடிசைப் பகுதியில், எங்கள் சந்து முழுவதற்கும் படிவம் நிரப்பிக் கொடுத்தவன். ரேஷன் கார்டு, பள்ளிச் சேர்க்கை, விதவை உதவித்தொகை எல்லாம். பிறந்த தேதி தெரியாதவர்களுக்கு நான் தேதி வைத்திருக்கிறேன். எண் இல்லாத குடிசைகளுக்கு எண் கொடுத்திருக்கிறேன். உண்மையை எழுதினால் படிவம் திரும்பி வரும். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் எதிர்பார்ப்பதை எழுதினால் உள்ளே போகும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, இரண்டு படிவம் திரும்பி வந்ததும் தானாகவே தெரிந்துவிட்டது. அதைப் பொய் என்று எங்கள் சந்தில் யாரும் நினைத்ததில்லை. 'புள்ள நல்லா எழுதுது' என்பார்கள்.

அந்த சனிக்கிழமை இன்ஸ்டாலரும் எனக்கு ஒரு ஜன்னலாகத்தான் தெரிந்தது. கவிதா சாப்பிடப் போயிருந்தார். அந்தப் பெயர்க் கோப்பைத் திறந்து, அது எதிர்பார்க்கும் பெயரை எழுதினேன். ஒரு கோப்பைத் தொடுவதற்கு முன் அதை நகலெடுத்து, நகலின் பின்னால் உன் பெயரைப் போட்டு வை என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். நல்ல பழக்கம். அதையும் செய்தேன். செய்யக் கூடாததைச் செய்யும்போதும் கை அந்தப் பழக்கத்தை விடவில்லை. உண்மையான பெயர் இருந்த நகல் அதே இடத்தில், என் பெயரோடு, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டது. இன்ஸ்டாலர் ஓடியது. கவிதா திரும்பி வந்தபோது திரை முழுக்கப் பச்சை. "அரே வா, முடிச்சிட்டியா?" என்றார். திங்கட்கிழமை லட்டு கொடுத்தார்கள்.

சொல்லியிருக்க வேண்டியது மூன்றே வார்த்தை: 'இதில் கிடைக்காது சார்.' விழா தள்ளிப்போயிருக்கும். என்னைத் திட்டியிருப்பார்கள். வேறு ஆளைக்கூட அனுப்பியிருப்பார்கள். எனக்கு அப்போது அந்த மூன்று வார்த்தை 'எனக்குத் தெரியாது சார்' என்பதுபோல ஒலித்தது. படித்தவன் வாயில் அது வரக்கூடாது என்று ஒரு எண்ணம். கிடைக்காது என்று சொல்வதும் தெரிந்தவன் சொல்லும் பதில்தான் என்பது புரிய எனக்குப் பல வருடம் ஆயிற்று.

ஆனால் நான் வருந்துவது சனிக்கிழமைக்காக அல்ல. அடுத்த வாரத்துக்காக.

டேட்டாபேஸ் கம்பெனியின் உதவி வேண்டுமென்றால் வாடிக்கையாளர் தரப்பிலிருந்து ஒரு உறுதிமொழிப் படிவம் போக வேண்டும். எந்த சர்வர், எந்த லினக்ஸ், எந்தப் பதிப்பு என்று நிரப்பி ஒருவர் கையெழுத்திட வேண்டும். கவிதா அதை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். மற்றவர்கள்போல என்னிடம் கேட்டு அப்படியே எழுதிக்கொள்ளும் ஆள் இல்லை அவர். சர்வரிலேயே பார்த்து எழுதலாம் என்று என்னை எழுப்பிவிட்டு உட்கார்ந்தார். பெயரைக் காட்டும் கட்டளையைத் தட்டினார். நான் எழுதி வைத்த பெயர் திரையில் வந்தது.

"இதானே?" என்றார்.

"ஆமா, அதான்" என்றேன்.

அவர் அதை எழுத்துப் பிசகாமல் படிவத்தில் எழுதினார். கீழே கையெழுத்திட்டார். பேனாவை மூடிக்கொண்டே, சாயந்திரம் கேன்டீனில் சமோசா சூடாக வரும், போய்விடாதே என்று சொல்லிவிட்டுப் போனார்.

பராமரிப்புக்காக என்னை அங்கேயே வைத்திருந்தார்கள். பதினோரு மாதம் ஒன்றும் ஆகவில்லை. பிப்ரவரி கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, முந்தைய நாள் லினக்ஸுக்குப் போட்ட ஒரு சாதாரண அப்டேட்டுக்குப் பிறகு, டேட்டாபேஸ் எழுந்து ஐந்து நிமிடம் நிற்கும், விழுந்துவிடும். மறுபடி எழுப்பினால் மறுபடி விழும். வெளிநோயாளிகள் வரிசை கேட்டைத் தாண்டி ரோட்டுக்குப் போய்விட்டது. பீகாரிலிருந்தும் அலிகரிலிருந்தும் முதல் நாளே ரயிலேறி வந்தவர்கள். குமாஸ்தாக்கள் பழையபடி துண்டுச் சீட்டில் எண் எழுதிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். டேட்டாபேஸ் கம்பெனிக்குப் புகார் அனுப்பினோம். சர்வரின் எல்லா விவரத்தையும் தானாகச் சேகரிக்கும் ஒரு நிரலை ஓட்டி அனுப்பச் சொன்னார்கள். அது பெயர்க் கோப்பை மட்டும் பார்க்காது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு சாமானையும் எண்ணிவிடும். அதை ஓட்டியது கவிதா. நான் பக்கத்தில் நின்றேன்.

மூன்று மணி நேரத்தில் பதில் வந்தது. உங்கள் சர்வர் சொல்லும் பெயரும் அதற்குள் இருக்கும் சாமானும் பொருந்தவில்லை. இது எங்கள் பட்டியலில் இல்லாத லினக்ஸ். உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட்டவர் இன்னார். பட்டியலில் உள்ள லினக்ஸில் இதே கோளாறு வந்தால் தெரிவியுங்கள். இப்படிக்கு. மிகவும் மரியாதையான ஆங்கிலம்.

கவிதா அதை இரண்டு முறை வாசித்தார். பிறகு என்னைப் பார்க்காமல், திரையைப் பார்த்தபடி கேட்டார்: "முருகேசன், இதுல நிஜமா என்ன லினக்ஸ் இருக்கு?"

"செக் பண்ணணும்" என்றேன்.

நம் தொழிலில் இந்த வார்த்தையை உங்களுக்கு நிறையப் பேர் சொல்லிக் கொடுப்பார்கள். அன்று மத்தியானம் கூட்டத்துக்குள் போகும் முன் என் மேனேஜரும் அதையே சொல்லி அனுப்பினார்: யார் என்ன கேட்டாலும் 'செக்கிங் சார்' என்று மட்டும் சொல், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். கூட்டத்தில் கவிதாவின் துறைத் தலைவர் படிவத்தின் நகலை மேஜைமேல் வைத்து, இது யார் கையெழுத்து என்று கேட்டார். கவிதா தன்னுடையதுதான் என்றார். பார்த்துவிட்டுத்தான் போட்டீர்களா என்றார் தலைவர். பார்த்துவிட்டுத்தான் போட்டேன் என்றார். அப்படியென்றால் இது எப்படி என்று கேட்டார் தலைவர். கவிதா அந்த நகலைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். அவர் எதிரே நான் உட்கார்ந்திருந்தேன். என் முன்னால் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீர். அதை எடுத்துக் குடித்தேன்.

வேலை என்னவோ நல்லபடி முடிந்தது. பட்டியலில் இருந்த லினக்ஸை அவசர ஒப்புதலில் உடனே வரவழைத்து, வேறொரு சர்வரில் போட்டு, காப்பு நகலிலிருந்து எல்லாவற்றையும் மீட்டோம். அரை நாள் பதிவுகள் மட்டும் போயின. அவற்றைத் துண்டுச் சீட்டுகளைப் பார்த்து மறுபடி ஏற்ற வேண்டும். அது கவிதாவின் வேலையே இல்லை. இருந்தும் குமாஸ்தாக்களோடு உட்கார்ந்து ஒவ்வொரு சீட்டாக வாசித்து ஏற்றினார். எழுத்து புரியாத சீட்டுகளைத் தனியே எடுத்து வைத்து, அந்த நோயாளிகளுக்குத் தானே போன் செய்தார். நான் சர்வர் அறையில் பரபரப்பாக இருந்தேன். பரபரப்பாக இருப்பவனை யாரும் கேள்வி கேட்பதில்லை.

ஒப்பந்த ஊழியர்களுக்கு மார்ச் கடைசியில் புதுப்பிப்பு. அந்த வருடம் மே மாதம் கவிதாவின் அப்பா ஓய்வு பெறுகிறார். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். துவாரகாவில் ஒரு வாடகை ஃபிளாட் பார்த்து வைத்திருந்தார்கள். கவிதாவின் வேலையை நம்பித்தான். புதுப்பிப்புப் பட்டியலில் அவர் பெயர் சந்தேகத்தில் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கு மூன்று வாரம் இருந்தது. துறைத் தலைவரின் அறை முதல் மாடி, படியேறி இடது பக்கம் மூன்றாவது கதவு. மூன்று வாரத்தில் எத்தனை முறை அந்தக் கதவு வரை போனேன் என்று எனக்குத் தெரியும். சொன்னால் என் வேலை போகும். வீட்டில் மாதச் சம்பளம் வாங்கும் முதல் ஆள் நான். தங்கை பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். இவையெல்லாம் உண்மை. உண்மைகளை அடுக்கி வைத்துக்கொண்டால் ஒரு கதவைத் தட்டாமல் எவ்வளவு நாள் வேண்டுமானாலும் இருந்துவிடலாம்.

மார்ச் கடைசி வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு பேங்க் படிவம் ஒன்று நிரப்பினேன். கைநாட்டு வைக்க வேண்டிய இடத்தில் விரலை வைத்துக் காட்டினேன். அம்மா மையைத் தொட்டுப் பட்டென்று வைத்தார். எனக்கு ஏனோ எரிச்சலாக வந்தது. என்ன படிவம், எதற்கு என்றுகூடக் கேட்காமல் வைக்கிறாயே என்றேன்.

அம்மா விரலைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "படிச்சிப் பாத்தா வெக்கறன்? நீ காட்ற எடத்துல வெக்கறன். இன்னாத்துக்குக் கேக்கணும், நீதான் காட்றியே."

அம்மாவுக்கு கவிதாவைப் பற்றி ஒன்றும் தெரியாது. சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். நான் அந்தப் படிவத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "இதானே?" என்ற குரல் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலை நேராக முதல் மாடிக்குப் போனேன். கதவுக்குப் பக்கத்து நோட்டீஸ் போர்டில் புதுப்பிக்கப்பட்டவர்களின் பட்டியல் ஒட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை சாயந்திரமே ஒட்டிவிட்டார்களாம். கவிதா பெயர் இல்லை.

அவர் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தார். கேட்டுக்கு வெளியே டீக்கடையில் பிடித்தேன். ஒரு பையில் டிபன் டப்பா, ஒரு சின்னச் செடித் தொட்டி, மேஜையில் இருந்த காலண்டர். சொல்லிவிட்டேன். சனிக்கிழமையிலிருந்து எல்லாவற்றையும், நடுவில் நிறுத்தாமல்.

"தெரியும்" என்றார். "மெயில் வந்த அன்னிக்கே தெரியும். அந்த ஃபைல் பக்கத்துலயே உன் பேரைப் போட்டு இன்னொண்ணு இருந்துச்சே."

பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். என் குரல் அவரைக் குற்றம் சொல்வதுபோல வந்தது, அதுவும் நினைவிருக்கிறது.

"நான் போய் முருகேசன்தான் பண்ணான்னு சொன்னா என்ன கேப்பாங்க? நீ ஏன் பாக்காம கையெழுத்துப் போட்டேன்னுதான் கேப்பாங்க. அதே கேள்விதானே. நீயா வந்து சொன்னா அது வேற." டீயை ஒரு வாய் குடித்தார். "நீயே சொல்லிடுவேன்னு காத்திருந்தேன். தினமும் வருவே, என் மேஜை வரைக்கும் வருவே. இன்னிக்குச் சொல்லிடுவான்னு நெனைப்பேன். நீ பிரிண்டர் சரியா இருக்கான்னு கேட்டுட்டுப் போயிடுவே."

இப்போதே மேலே போய்ச் சொல்கிறேன் என்றேன்.

"சொல்லு. வேணாம்னு சொல்லலை. ஆனா எனக்காகச் சொல்றேன்னு நெனைச்சுக்காத. லிஸ்ட் ஒட்டியாச்சு." டீ கிளாஸைக் கடைக்காரரிடம் கொடுத்தார். "சலோ, பஸ் வருது."

மேலே போய்ச் சொன்னேன். எழுதியும் கொடுத்தேன். துறைத் தலைவர் வாசித்துவிட்டு, சர்வர் இப்போது ஓடுகிறது அல்லவா என்றார். ஓடுகிறது என்றேன். அந்த ஃபைல் முடிந்துவிட்டது, புதிய ஆளையும் எடுத்தாயிற்று என்றார். பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் தாங்க முடியாதது. அவர் என் மேனேஜரிடம், பையன் நேர்மையானவன், தானாக வந்து ஒப்புக்கொண்டான் என்று சொல்லியிருக்கிறார். மேனேஜர் முதலில் கத்தினார். பிறகு அதையே மற்ற வாடிக்கையாளர்களிடம் பெருமையாகச் சொல்ல ஆரம்பித்தார். அடுத்த வருடம் எனக்குப் பதவி உயர்வு வந்தது. ஏழு வருடமாக இந்தக் கம்பெனியில் என்னைப் பற்றி ஒரு நல்ல பேச்சு இருக்கிறது. உங்களிடமும் யாராவது சொல்லியிருப்பார்கள்: முருகேசன் கணக்காகப் பேசுவான், மறைக்க மாட்டான். மூன்று வாரம் தாமதமாகச் சொன்ன உண்மையில் விளைந்தது அந்தப் பேர். விளைந்த நிலம் என்னுடையது இல்லை.

போன வருடம் ஒரு சாயந்திரம் மெட்ரோவில் துவாரகா பக்கம் போய்க்கொண்டிருந்தேன். கூட்டம் குறைந்ததும் எதிர் இருக்கையில் கவிதா. பக்கத்தில் ஒரு பெரியவர். கவிதாதான் முதலில் பேசினார். இப்போது விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலையாம், கணினி வேலை இல்லை. இடையில் இரண்டு வருடம் எதுவும் கிடைக்கவில்லை என்பதைச் சாதாரணமாகச் சொன்னார். "அப்பா, இவர் ஆஸ்பத்திரியில என்கூட இருந்தவர்" என்று என்னை அறிமுகம் செய்தார். 'நீ' என்று பேசிக்கொண்டிருந்தவர் 'இவர்' என்றார்.

பெரியவர் என் பக்கம் சாய்ந்தார். காது கொஞ்சம் மந்தம்போல, குரல் உயர்ந்துதான் வந்தது. "நீங்களாவது சொல்லுங்க தம்பி. முப்பத்தாறு வருஷம் நான் ஃபைல்ல கையெழுத்துப் போட்டவன். ஒரு தாள்லயும் படிக்காம போட்டதில்லை. என் பொண்ணு எப்படிப் பாக்காம போட்டா? கேட்டா வாயே திறக்க மாட்டேங்கிறா."

ஆறு வருடம் கழித்து அதே கேள்வி. கவிதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தன் அப்பாவிடம்கூட அவர் என் பெயரைச் சொல்லியிருக்கவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்கும் உரிமை எனக்கு இல்லை.

"பாத்துட்டுத்தான் போட்டாங்க சார்" என்றேன். "என்கிட்டயும் கேட்டுட்டுத்தான் போட்டாங்க. நான்தான் அதை மாத்தி வெச்சிருந்தேன்."

காதில் விழுந்ததோ என்று மறுபடி சொல்ல வாயெடுத்தேன். விழுந்திருக்கிறது. அவர் என்னைத் திட்டவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. மகளைப் பார்த்தார். இரண்டு ஸ்டேஷன் தாண்டும் வரை பார்த்துக்கொண்டே இருந்தார். "நான் இவளைத்தானே கேட்டுட்டிருந்தேன்" என்றார், யாரிடம் என்று இல்லாமல்.

துவாரகா வந்தது. எழுந்தார்கள். கவிதாவின் தோளில் ஒரு கனமான பை. அப்பா அதைக் கழற்றி வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். "விடுங்கப்பா, நான் எடுத்துக்கறேன்" என்றார் கவிதா. அவர் கொடுக்கவில்லை. கதவு மூடும்வரை இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நீங்கள் கேட்ட கோப்புக்கு வருகிறேன். அந்த மருத்துவமனையின் பழைய சர்வரைக் கழற்றும்போது, என் பெயர் போட்ட நகலை எடுத்து வைத்துக்கொண்டேன். அதன் பிறகு நான் கட்டிய ஒவ்வொரு சர்வரிலும், அது பட்டியலில் உள்ள லினக்ஸாகவே இருந்தாலும், அந்த நாலு வரியை அதே இடத்தில் போட்டு வைத்தேன். எந்த நிரலும் அதைப் படிப்பதில்லை. நான் மட்டும் அவ்வப்போது திறந்து பார்ப்பேன்.

சர்வர் இப்போது உங்களுடையது. அழிப்பதென்றால் அழிக்கலாம், எதுவும் நின்றுவிடாது. அதற்கு முன் ஒன்று செய்யுங்கள். இந்த சர்வருக்கான உறுதிமொழிப் படிவம் போன மாதம்தான் புதிதாகப் போயிருக்கிறது. நீங்கள் காட்டிய இடத்தில் ஒருவர் கையெழுத்திட்டிருப்பார். அவர் எந்த மேஜையில் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள். அவரைக் கூட்டி வந்து, அவர் பார்த்து எழுதியது நிஜமாகவே சர்வருக்குள் இருப்பதுதானா என்று அவர் கண்முன் இன்னொரு முறை சரிபாருங்கள். பொருந்தாவிட்டால், அன்றைக்கே மாடி ஏறுங்கள்.